அத்தையின் எக்ஸ்பிரஸ் காபி

பாலுக்குள் நீராவி இறங்கும்போது முதலில் தகரத்தை நகத்தால் கீறினதுபோல் ஒரு கீச்சொலி எழும். குழாயின் நுனியை அரை விரற்கடை கீழே இறக்கினால் அந்தக் கீச்சு அடங்கி, வயிறு நிறைந்த பூனை மூச்சுவிடுவதுபோல் ஒரு "குர்ர்" வரும். குர்ர் வந்துவிட்டால் நுரை கட்டத் தொடங்கிவிட்டது, இனி அரை நிமிடத்தில் காபி கைக்கு வந்துவிடும் என்று பொருள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் வயதிலேயே இந்த இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிந்த பெண் கச்சிராயபாளையத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். இன்றும் எந்த ஊர் ஓட்டலில் அந்தக் குர்ர் கேட்டாலும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், என் கணவர், "உனக்குக் காபி வேணுமா, சத்தம் வேணுமா?" என்று கேலி செய்வார். இரண்டும் வேண்டாம், எனக்கு வேண்டியவள் வேறொருத்தி என்று அவரிடம் சொல்லி விளங்கவைக்க எனக்குப் பொறுமை கிடையாது.

அந்த ஒருத்தி என் அம்சா அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கச்சிராயபாளையம் கடைத்தெருவில், பேருந்துகள் நிற்கும் வேப்பமரத்திலிருந்து நாற்பதடி தள்ளி அப்பாவுக்கு ஒரு டீக்கடை இருந்தது. பித்தளை பாய்லர், நான்கு பெஞ்சு, கண்ணாடி ஜாடியில் "வருக்கி" பிஸ்கட், அவ்வளவுதான் கடை. அப்பாவைப் பொறுத்தவரை உலகத்தில் குடிக்கத்தக்கது டீ ஒன்றுதான். காபி கேட்டு யாராவது வந்துவிட்டால், "ஜொரமா?" என்று உண்மையான கவலையோடு விசாரிப்பார். இல்லை என்றால், கடையின் மூலையில் வருஷக்கணக்காகக் கிடக்கும் டப்பாவிலிருந்து கட்டி தட்டிப்போன தூளைச் சுரண்டி, ஒரு கடமையைத் தீர்ப்பதுபோல் கலக்கிக் கொடுப்பார். குடித்தவர் மறுமுறை காபி கேட்கமாட்டார்.

அத்தைக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், அவள் கணவர் இஞ்சி வயல் வேலைக்கென்று கர்நாடகம் போனார். போனவர் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார். அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தேனாம். ஆகவே அத்தை இல்லாத வீடு எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. அம்மா விடியற்காலையிலேயே கரும்புக் காட்டுக்குக் களை வெட்டப் போய்விடுவாள்; எனக்குத் தலை பின்னியதும், சோறு ஊட்டியதும், பேன் பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடித்தால் போய்ச் சண்டை போட்டதும் அத்தைதான். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "பாப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அதனால் தெருவில் பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது.

இப்படியிருந்த வீட்டுக்கு ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு மூத்த மனைவி இறந்துவிட்டாள், இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் நிலம். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அதை நான் இன்றும் மறுக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அத்தையைத் தள்ளிவிடப் பார்த்தார்கள் என்று சொன்னால் பாவம் வரும். அவளுக்கும் ஒரு வாழ்க்கை அமையட்டும் என்று அவர்கள் நினைத்தார்கள், அவ்வளவுதான். அத்தை மட்டும், "எனுக்கு வோணாண்ணா" என்று ஒரே பேச்சாகச் சொன்னாள். அப்பா கோபப்படவில்லை. "வோணான்னா இன்னா பண்ணப் போற? ஒரு தொழிலா, ஒரு வரும்படியா? எங்களுக்கு அப்புறம் ஒன்ன யாரு பார்ப்பாங்க?" என்று கேட்டார். கடைசியில் தை மாதம் வரை தவணை என்று முடிவாயிற்று. தைக்குள் அத்தை தன் காலில் நின்று காட்டினால் சம்பந்தத்தை விட்டுவிடலாம், இல்லையென்றால் ரிஷிவந்தியம். கதவிடுக்கில் நின்று இதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ரிஷிவந்தியம் ஒன்றும் அக்கரைச் சீமை இல்லை, பேருந்தேறினால் போய்விடலாம். ஆனாலும் என் தலையை யார் பின்னுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

அத்தையின் மனதில் அப்போதே ஒரு பொருள் இருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மண்டப வாசலில் நீராவி பீறிடும் காபி இயந்திரத்தை நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம். அந்தக் காலத்தில் கௌரவமான கல்யாணம் என்றால் வாசலில் அது நிற்க வேண்டும். எவர்சில்வரில் பளபளக்கும் ஒரு குடம், உச்சியில் குமிழ் மூடி, நெற்றியில் முள் ஆடும் மீட்டர், இரண்டு பக்கமும் மரப்பிடி வைத்த குழாய்கள். சாப்பிட்டுவிட்டு வருகிற பெரிய மனிதர்களெல்லாம் குழந்தைகளைப்போல் வரிசையில் நின்று, மேலே காபித்தூள் தூவிய நுரையை வாங்கி, மீசையில் ஒட்டிக்கொண்டு போனார்கள். நான் மூன்று தடவை வாங்கிக் குடித்தேன். அத்தை குடிக்கவே இல்லை, அருகில் நின்று காபி போடுகிற ஆளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இயந்திரத்தை வாங்க அவள் ஆடி மாதம் வரை காத்திருந்தாள். ஆடியில் கல்யாணம் கிடையாது, சமையல் கான்ட்ராக்டர்களின் சாமானெல்லாம் கிடங்கில் தூங்கும், பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கலாம் என்ற யோசனை அவர்களுக்கு அப்போதுதான் வரும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். இரண்டு வருஷம் வளர்த்த கிடாரியை விற்றுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனாள். அண்டாக்களும் ஆளுயரக் கரண்டிகளும் அடுக்கிய ஒரு கிடங்கில் கான்ட்ராக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, "பொம்பளைக்கு இது சரிப்படாதும்மா, ஆவி அடிச்சா மூஞ்சி போயிடும்" என்றார். "எம் மூஞ்சிய நான் பார்த்துக்கறேங்க, நீங்க பத்த வைங்க" என்றாள் அத்தை. அடுப்பு மூட்டி, முள் ஏறி நின்றதும், ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து மூடியைச் சுற்றி, குழாய்களைச் சுற்றி, ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டே வந்தாள். இடது குழாயின் அடியில் டம்ளர் வியர்த்தது. "இங்க ஆவி போவுது, வாஷர் மாத்திக் குடுங்க" என்றாள். அந்த மனிதர் அதற்கப்புறம் "பொம்பளை" என்ற பேச்சை எடுக்கவில்லை.

டவுன் பஸ்ஸில் இயந்திரத்துக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அதன் மேல்தான் அத்தை எங்களோடு இருப்பதும் போவதும் நிற்கிறது என்று தெரிந்திருந்ததால், வழிநெடுக அதன் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். கோமுகி அணைப் பக்கம் மலை தெரிந்ததும், இது நன்றாக ஓட வேண்டும், அத்தை எங்கேயும் போகக்கூடாது என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். எந்தச் சாமியிடம் வேண்டினேன் என்று எனக்கே தெரியாது.

முதல் நாள் மானம் போயிற்று. அதற்குக் காரணம் அப்பா, அதுவும் அவருடைய நல்ல மனசு. தங்கைக்கு உதவ வேண்டுமென்று, அவள் வருவதற்குள் தானே தண்ணீர் நிரப்பி அடுப்பை மூட்டிவிட்டார். டீ பாய்லர் என்றால் கழுத்து வரை தண்ணீர் நிற்க வேண்டும் என்பது அவர் இருபது வருஷம் கண்ட தொழில். இந்தக் குடத்தையும் அதே கை கழுத்து வரை நிரப்பிவிட்டது. குழாயைத் திறந்தால் ஆவிக்குப் பதிலாகக் கொதிக்கும் வெந்நீர் சீறியது. பால் கழுநீராகி, தெறித்து, சுவரில் இருந்த முருகன் காலண்டர் வரை போயிற்று. வேடிக்கை பார்க்க நின்ற கும்பல் சாலையின் அந்தப் பக்கம் ஓடி நின்றுகொண்டு சிரித்தது. "ஏண்டி அம்சா, காப்பியா, தீயணைப்பு வண்டியா?" என்று பூக்காரக்கா கத்தினாள். அத்தையின் முழங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. அவள் அடுப்பை அணைத்து, ஆற விட்டு, மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மேல எடம் வுடணும்ண்ணா. இப்டி ரொப்பிட்டா ஆவி எங்க இருக்கும்?" என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்ற யாரையும் அவள் விடவில்லை.

அதற்கப்புறம் பதினைந்து நாள் வெறும் தண்ணீரிலும், கடையில் திரிந்துபோன பாலிலும் பழகினாள். கையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, காதைக் கொடுத்து நிற்பாள். "பாப்பா, இப்ப எப்டிக் கேக்குது?" என்பாள். "கீச்" என்பேன். "இப்ப?" "குர்ர்." கள்ளக்குறிச்சியில் வாங்கிய தூளோடு, மலையிலிருந்து கடுக்காய் மூட்டை கொண்டுவருபவர்களிடம் காபிக்கொட்டை கொஞ்சம் வாங்கி, வாணலியில் வறுத்து இடித்து டிகாக்‌ஷன் இறக்கினாள். ருசி வந்துவிட்டது. குடிக்கத்தான் ஆள் வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அப்பாவின் கையால் பழகியவர்கள், காபி என்றால் ஜுரத்துக்குக் குடிப்பது என்றே நம்பினார்கள். ஆவணி போயிற்று, புரட்டாசியும் பாதி போயிற்று. நான் காலண்டரில் தையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் காப்பாற்றியது ஒரு தப்பு. அத்தை ஒரு போர்டு எழுதி வைக்கலாமென்று பெயிண்டரைக் கூப்பிட்டு, "எஸ்பிரஸோ காபி கிடைக்கும்னு எய்துங்க" என்றாள். கல்யாணத்தில் அந்த ஆள் சொன்ன பெயர் அது. பெயிண்டர் சிரித்தார். "அப்டி ஒரு வார்த்தையே கெடையாதும்மா. எக்ஸ்பிரஸ், அதான் கரெக்டு" என்று அவளைத் திருத்திவிட்டு, "இங்கு எக்ஸ்பிரஸ்" என்று பலகை நிறைய, சிவப்பில், இரண்டு முழ எழுத்தில் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் "காபி" என்பதற்கு இடமில்லை என்று தெரிந்தது. அதை ஓரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு நெருக்கி எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மறுவாரம் காலையில் கடை வாசலில் மூட்டை முடிச்சோடு பத்துப் பேர் நின்றிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிக் கேரளத்துக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அதுவரை வேப்பமரத்தடியில் நின்றவர்கள், பலகையைப் படித்துவிட்டு எக்ஸ்பிரஸ் பஸ் இனி இங்கேதான் நிற்கும் போலிருக்கிறது என்று நாற்பதடி நகர்ந்து வந்துவிட்டார்கள். அத்தை குழாயைத் திறந்த போதெல்லாம் அந்தச் சீறல் பஸ் பிரேக் காற்றை விடுகிற சத்தம்போலவே இருந்ததால், "வண்டி வந்துடுச்சி" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, ஏமாந்து, மறுபடி உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஒருவர் அந்த நுரையைச் சுட்டிக் கேட்டார். அவர் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து அடுத்தவர் கேட்டார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்குள் பால் தீர்ந்துவிட்டது.

அப்பா நேர்மையானவர், "இது பஸ்ஸு போர்டு இல்லீங்க, காப்பி போர்டுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதானே டிரைவர் பிரேக்கைப் போடுவார்? ஒரு மாதத்தில் சென்னைப் பேருந்து உண்மையாகவே எங்கள் கடை வாசலில் நிற்கத் தொடங்கிவிட்டது. அதன் டிரைவரும் கண்டக்டரும் இறங்கி அத்தையிடம் ஆளுக்கொன்று வாங்கிக் குடித்தார்கள். கார்த்திகையில் கரும்பு வெட்டு ஆரம்பித்ததும் லாரிக்காரர்களும் வந்தார்கள். ஜுரம் இல்லாதவர்களும் காபி குடிக்கிற ஊராகக் கச்சிராயபாளையம் மாறியது இப்படித்தான். கிண்டலடித்த பூக்காரக்கா தினம் இரண்டு வேளை குடித்தாள், நுரை கம்மியாக இருக்கிறதென்று சண்டையும் போட்டாள்.

தை பிறந்தது. ரிஷிவந்தியத்துத் தரகர் பதில் கேட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கடை நிறையக் கூட்டம். அப்பா அன்றைக்குத் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "அந்தப் பேச்சு வோணாங்க. எந் தங்கச்சி சம்பாரிக்கிறா. எங்க வூட்லயே இருந்துட்டுப் போவட்டும், யாரு வோணான்னாங்க?" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் புத்தகப் பையோடு குதித்தேன். அத்தை தரகருக்கு ஒரு காபி ஆற்றிக் கொடுத்தாள், தூளும் தூவிக் கொடுத்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிற்று என்று நான் நினைத்தேன்.

பத்தாம் நாள் அத்தை மலைக்குப் போவதாகச் சொன்னாள். கரியாலூரில், அருவிக்குப் போகிறவர்கள் திரும்புகிற வளைவில், கடுக்காய் மூட்டை கொண்டுவரும் ஒருவரின் வீட்டு முன்னறையை வாடகைக்குப் பேசி முடித்திருந்தாள். அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் ஊரே கேட்கும்படி கத்தினார். "இன்னா கொறை வெச்சோம் ஒனுக்கு?" என்று அவர் கேட்டதற்கு, "ஒரு கொறையும் இல்லண்ணா" என்று அவள் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. வெள்ளிமலைப் பேருந்தின் பின்சீட்டில் இயந்திரத்தை ஏற்றினார்கள். நான் அதன் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதேன். "லீவுக்கு வாடி பாப்பா" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். எதை வைத்து அத்தை எங்களோடு இருப்பாள் என்று மலையைக் கும்பிட்டு வேண்டினேனோ, அதுவே அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அந்த வயதில் எனக்கு அது துரோகமாகப் பட்டது. அவளை நான் மன்னிக்கவில்லை.

லீவுக்குப் போகவில்லை. அப்பா போகவிடவில்லை என்பது பாதி உண்மை, எனக்கும் வீம்பு இருந்தது. நல்லது கெட்டதுகளுக்கு அத்தை இறங்கி வருவாள், ஒரு நாள் இருப்பாள், கடைக்கு ஆளில்லை என்று மாலைப் பேருந்துக்குப் போய்விடுவாள். பிறகு படிப்பு, பயிற்சி, கள்ளக்குறிச்சியில் தமிழாசிரியை வேலை, கல்யாணம், பிள்ளைகள். அப்பா இறந்தபோது கட்டிக்கொண்டு அழுதோம், அப்போதும் ஏன் எங்களை விட்டுப் போனாய் என்று நான் கேட்கவில்லை. சாலையை அகலப்படுத்தியபோது கடை போயிற்று, வேப்பமரமும் போயிற்று. கச்சிராயபாளையத்துக்கு இப்போது போனால் எங்கள் கடை எந்த இடத்தில் இருந்தது என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகவே கரியாலூருக்குப் போனேன். அத்தைக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது, முழங்கால் வலிக்கிறதென்று உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடி காபி போடுகிறாள். இயந்திரம் புதியது, கரண்டில் ஓடுகிறது. பழையது அடி ஓட்டையாகி, எடைக்குப் போய்ப் பல வருஷம் ஆயிற்றாம். அறை அவளுடையதாகிவிட்டது, பின்னால் இன்னொரு அறையும் கட்டியிருக்கிறாள். என்னைக் கண்டதும், "அடிப் பாவி, இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்று கன்னத்தைக் கிள்ளினாள். மத்தியானம் வரை பேசினோம். கிளம்பும்போது அவள் வீங்கிய காலைப் பார்த்து மனசு கேட்காமல், "எங்க வூட்டுக்கு வா அத்தை. பத்து நாளு இருந்துட்டுப் போ. நல்ல டாக்டரா பார்க்கலாம்" என்றேன்.

அத்தை சிரித்தாள். "ஒங்கப்பனும் அதாண்டி சொன்னான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் ஒரு டம்ளரைத் துடைத்துக்கொண்டே, கோபமில்லாமல், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்: "எங்க வூட்ல இருந்துட்டுப் போவட்டும்னான். அத்தினி பேரு எதுருக்க. நல்ல மனசோட தான் சொன்னான், தெரியும். நான் பொறந்த வூடுடி அது. 'இது நம்ம வூடு, இரு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தான்னா, மிஷினு அங்கயே இருந்திருக்கும்."

கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கிவிட்டால் நாங்கள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். ஒரு மதிப்பெண் கேள்வி அது. நான் அழைத்ததைத் திருத்திச் சொல்ல வாயெடுப்பதற்குள் சுற்றுலா வேன் ஒன்று வந்து நின்று, பிள்ளைகள் சத்தமாக இறங்கி வர, அத்தை, "வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று குழாயின் பக்கம் திரும்பிவிட்டாள். நான் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். மலை இறங்கும் வழியெல்லாம் "நம்ம வூடு, நம்ம வூடு" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சொல்வதற்கு ஒரு கஷ்டமும் இல்லை.